முள் பச்சையில் நிற்கிறது

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கை என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், தூக்கிப் பார்க்க மாட்டார்கள், மோந்து பார்க்க மாட்டார்கள். கண்ணாடிக்குள் ஒரு முள் இருக்கும். அது பச்சைக் கோட்டில் நின்றால் உலகம் பத்திரம். சிவப்புக்குப் போனால் யாருக்காவது போன் போடுவார்கள். நடுவில் மனுசனே செத்து விழுந்தாலும், முள் நகரவில்லையே, நீ எப்படிச் சாகலாம் என்று பிணத்தோடு வழக்குக்கு நிற்பார்கள்.

தராசுக்காரர் இதை வாய்க்குள் முனகிக்கொண்டேதான் மூன்றாவது சிலிண்டரின் மேல் வெந்நீரை ஊற்றினார். தீயணைப்புக் கருவிகள் பூட்டிக்கொடுக்கும் கம்பெனியில் நாற்பது வருசமாகச் சிலிண்டர்களை எடை போட்டவர் என்பதால் வந்த பெயர் அது. இப்போது எடை போடும் வேலை இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து, முள்ளைப் பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் போதும் என்கிறார்கள். அவருக்கு அது போதவில்லை.

வெந்நீர் இரும்பில் வழிந்து இறங்கியது. கொஞ்சம் பொறுத்து, உள்ளங்கையை மேலிருந்து கீழே நகர்த்தினார். உள்ளே திரவம் இல்லாத இடத்தில் இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். திரவம் நிற்கும் இடம் வந்ததும் கையடியில் சட்டென்று குளிரும். அந்தக் குளிர்க்கோடுதான் அவருக்கு முள். போன தடவை அது அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தது. இன்றைக்கு நெஞ்சுக்கு வந்தது, சூடு. வயிறு, சூடு. இடுப்பு, சூடு. குனிந்தார். முழங்காலுக்கு வந்த பிறகுதான் கை குளிர்ந்தது.

இரண்டாவது முறை ஊற்றினார். அதே முழங்கால். தலையைத் தூக்கி முள்ளைப் பார்த்தார். கல்யாணத்துக்கு வந்த பெரிய மனுசன் மாதிரி அது பச்சையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

சிலிண்டரின் கழுத்தில் அவர் போன தடவை கட்டிவிட்டுப் போன வெள்ளை அட்டை தொங்கியது. அதன் ஓரத்தில் ஒரு விரல் தடம், காயத்துக்குப் போடும் மருந்தின் பழுப்பு நிறத்தில். போன தடவை அது இல்லை. எவனோ அழுக்குக் கையோடு தொட்டிருக்கிறான் என்று நினைத்தார். இந்த அறையின் சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது என்பது அடுத்த மூச்சில் ஞாபகம் வந்தது. அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. குறைந்துபோன சரக்கு எங்கே போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போகிறது. அடுத்த அறை பழைய நிலவரைபடங்களை வைத்திருக்கும் நிலவறை. அதற்குள் காலையிலிருந்து உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பவள் அவருடைய மகள்.

அந்த வாயுவைப் பற்றிக் கம்பெனி இஞ்சினியர் ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தார். அயோடினை ஆவியாக்கி, ஃபுளோரின் சேர்ந்த இன்னொரு வாயுவோடு சுடச்சுட ஒரு குழாய்க்குள் விட்டுச் செய்கிறார்களாம். நிறம் கிடையாது, மணமும் இல்லாத மாதிரிதான். காற்றைப்போல ஆறேழு மடங்கு கனம், அதனால் தரையோடு படுத்துக் கிடக்கும். தீயை ஒரு மூச்சில் கொன்றுவிடும். காகிதத்தில் ஒரு துளி ஈரம் படாது. விமானத்தின் எண்ணெய்த் தொட்டிக்கு, குளிர்சாதன இயந்திரத்துக்கு, கம்ப்யூட்டர் சில்லு செதுக்குவதற்கு என்று ஊர்ப்பட்ட உபயோகம் சொன்னார். வெளியே கசிந்தால்கூட வெயில் பட்டு இரண்டு மூன்று நாளில் உடைந்து போய்விடும், ஆகாயத்துக்குக் கெடுதல் இல்லை என்று பெருமைப்பட்டார். ஆகாயத்துக்குக் கெடுதல் இல்லை, சரி. மனுசனுக்கு?

மனுசனுக்கு என்ன என்பதை அவர் போன வருசம் பார்த்துவிட்டார்.

அவருடைய மனைவியின் தம்பி, அவருக்கு மச்சான், முப்பது வருசமாக அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவன். சிலிண்டர் மூடி ஒன்று நசுக்கியதில் வலது கையில் நடுவிரல் இல்லாதவன். இதே நிலவறையில் ஏணிமேல் நின்று, வாயு பீய்ச்சும் குழாய்க்கு வாய் பூட்டிக்கொண்டிருந்தபோது, எவனோ மேலே எதையோ அழுத்த, ஒரு சிலிண்டர் முழுதாகத் திறந்துகொண்டது. காது அடைக்கும் சீற்றம். வெள்ளைப் பனி. கதவுக்கு வெளியே நின்ற தராசுக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். "ஓடு மச்சான், ஓடு!"

அவன் ஓடினான். நாற்பது தப்படி. கதவுக்கு மூன்று தப்படி இருக்கும்போது விழுந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கை மட்டும் கதவைப் பார்த்து நீண்டிருந்தது.

இஞ்சினியர் அப்புறம் சொன்னார். இந்த வாயு ரத்தத்தில் கலந்திருக்கும்போது பயப்படக் கூடாதாம், ஓடக் கூடாதாம். பயம் வந்து ரத்தம் கொதித்தால் நெஞ்சு தாளம் தப்பிவிடுமாம். "நடந்து வந்திருந்தா பொழச்சிருப்பார், பெரியவரே."

தராசுக்காரர் நம்பவில்லை. மூச்சுக் கிடைக்காமல் செத்தான், அவ்வளவுதான். அந்தப் பேச்சை நம்பினால் அப்புறம் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ள முடியாது. மகளும் அதை ஒரே ஒரு முறைதான் சொன்னாள். "நீங்க கத்தாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருவருக்கும் நடுவில் சாவி எங்கே, தண்ணீர் வந்ததா என்கிற அளவுக்குத்தான் பேச்சு.

மேலே, வரைபடக் காப்பகத்து மேலாளரின் அறைக்கு ஏறிப்போனார்.

"சார், மூணாவது கசியுது. எம் பொண்ண வெளிய வரச் சொல்லுங்க."

"அலாரம் அடிக்கலையே?"

"அலாரம் பொகைக்கு வெச்சது. இதுல பொகை ஏது?"

"முள் எங்க நிக்குது?"

"பச்சையில."

மேலாளர் இரண்டு கையையும் விரித்தார். அப்புறம் என்ன என்று அர்த்தம். இருந்தாலும் நல்ல மனுசர், இஞ்சினியருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"பெரியவரே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க கசிவ?"

"வெந்நி ஊத்தித் தடவிப் பாத்தேன்."

"சிலிண்டர் என்ன பச்சப்புள்ளையா, குளிப்பாட்டித் தலை துவட்ட? பவுடரும் போட்டீங்களா?"

மேலாளர் சிரித்தார். எதிரே நின்ற முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"முள்ளு மேல அடைச்ச காத்தோட அழுத்தத்தத்தான் காட்டும்," என்றார் தராசுக்காரர். "கீழ சரக்கு எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. ஒட்டிக்கிட்டு நின்னா அதுவும் தெரியாது. கழட்டி எடை போட்டாத்தான் தெரியும்."

"கழட்டாதீங்க. நாங்க வந்துதான் கழட்டணும். செவ்வாக்கிழமை வரோம்."

"இன்னிக்கு வியாழன்."

"அதான், செவ்வாக்கிழமை வரோம்."

போன் அணைந்தது. தராசுக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார். குட்டிச்சுவரில் முட்டிக்கொள்வது இதைவிடச் சுகம். சுவராவது முள்ளைப் பற்றிக் கேட்காது.

"முகமூடி எங்க சார்? ரெண்டு இருந்துச்சே."

"அது பழைய வாயுவுக்கு வாங்கினது. இது பத்திரமானதுன்னு சொன்னாங்களே, திருப்பிக் குடுத்துட்டோம்."

"காத்த வெளிய தள்ற விசிறி?"

"படமெல்லாம் காஞ்சு மொறுமொறுன்னு உடையுதுன்னு நிறுத்தி வெச்சிருக்கோம்." மேலாளர் குரலைத் தணித்தார். "உள்ள இருக்கறது உங்க பொண்ணு. நீங்களே போய்க் கூப்பிடுங்களேன். உங்க பேச்சக் கேட்டா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

கேட்க மாட்டாள் என்பது இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

படியிறங்கினார். பகல் பதினோரு மணி வெயில் மூன்றாவது படியோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே எந்நேரமும் ஒரே மங்கல், ஒரே குளிர், எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம், பழைய காகிதமும் மாவுப் பசையும் கலந்த புளித்த வாடை. நிலவறையின் கனமான கதவை இழுத்துத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி அடியில் தன் செருப்பைச் செருகினார்.

உள்ளே வேறொரு வாடையும் இருந்தது. மெலிதாக, இரும்பை நக்கினது போல, ஆஸ்பத்திரியில் புண்ணைத் துடைத்துவிட்டுப் போன பஞ்சு போல. மணமில்லாத வாயு என்றார்களே. வெளிச்சம் பட்டால் உடையும் என்றும் அவர்கள்தானே சொன்னார்கள். உடைந்தால் உள்ளே இருக்கும் அயோடின் வெளியே வரத்தானே செய்யும். நாற்பது தப்படி தள்ளி, இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே, அந்தக் கடைசியில் மகளின் படியெடுக்கும் மேசை இருந்தது. அதன்மேல் கண்ணைக் கூசும் விளக்கு. விளக்குக்குக் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, காற்றுக்கு ஒரு நிறம் இருந்தது. கத்தரிப்பூவைத் தண்ணீரில் கரைத்த மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிறம். அதற்குள் தாழ்வான முக்காலியில், கஞ்சி போட்ட வெள்ளை மேல்கோட்டோடு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள்.

கத்தத்தான் வாயைத் திறந்தார். அப்போது கதவுப் பக்கத்து அலமாரி கண்ணில் பட்டது.

சுருட்டி வைத்த படங்களின் முனைகளில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டுகளில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கறுநீலத்தில் ஒரு கைத்தடம். நாலு சீட்டுகளில் பரவி விழுந்த உள்ளங்கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ஒரு இடைவெளி, அப்புறம் இரண்டு விரல்.

நடுவிரல் இல்லை.

வாயை மூடிக்கொண்டார்.

சரி, இதற்குக் காரணம் இருக்கிறது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அயோடின் ஆவி பட்டால் காகிதத்தில் பழைய கைரேகை எழும்பி வரும் என்று இஞ்சினியர் அந்தப் பாடத்தில் சொல்லியிருக்கிறார். போலீசுக்காரர்கள்கூட அப்படித்தான் எடுப்பார்களாம். மாவுப் பசை இருந்தால் நீலமாக மாறுமாம். மச்சான் இங்கே வேலை பார்த்தவன், அங்கங்கே கை வைத்திருப்பான், இப்போது அது எழும்புகிறது. கணக்கு நேராக இருக்கிறது.

ஆனால் அந்தச் சீட்டுகள் புதியவை. போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் வெட்டி, கையால் எழுதியவை.

அவருடைய நெஞ்சு ஒரு அடி அடித்தது. அடுத்த அடிக்குக் காத்திருந்தார். வரவில்லை. பிறகு இரண்டு சேர்ந்து வந்தன.

பயப்படக் கூடாதாம். அவர் நம்பவில்லை. நம்பாமலே சுவரைப் பிடித்து, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டார்.

"அம்மாடி."

"என்னப்பா?" திரும்பாமலே கேட்டாள்.

"எந்திரிச்சு வா. மெதுவா."

"வேலை இருக்கு."

"சாப்பிடப் போலாம் வா."

"மணி பதினொண்ணு. இப்ப என்ன சாப்பாடு?"

"மேல ஒனக்குப் போன் வந்திருக்கு."

"என் போன் எங்கிட்டதான இருக்கு." இப்போது திரும்பினாள். நெற்றியைச் சுருக்கினாள். "உங்களுக்குப் பொய் சொல்லவே வராதுப்பா. என்ன விஷயம்?"

வராதுதான். நாற்பது வருசம் எடை போட்டவருக்குக் கூட்டிச் சொல்லவும் குறைத்துச் சொல்லவும் எங்கிருந்து வரும்? உண்மையைச் சொன்னால் பயப்படுவாள். பயந்தால் ஓடுவாள். நாற்பது தப்படி. அவள் முகம் விளக்கடியில் வெளிறித் தெரிந்தது. உதட்டை அடிக்கடி நனைத்துக்கொண்டாள்.

"தலை வலிக்குதா?"

"காலையிலேந்து. நெஞ்சு என்னவோ படபடங்குது. தூக்கம் பத்தல."

அவள் பின்னால், மேசையில் விரித்திருந்த பெரிய படத்தின் ஓரத்தில், ஏதோ கறுக்கத் தொடங்கியது. பாலில் மை சொட்டியது போல முதலில் ஒரு திட்டு. திட்டு பிரிந்தது. நாலு விரல்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

"அம்மாடி," என்றார். தன் குரல் இவ்வளவு சன்னமாக வரும் என்று அவருக்கே தெரியாது. "அன்னிக்கு நான் கத்தினேன். ஆமா, நான்தான் கத்தினேன். இன்னிக்குக் கத்தல. அதுக்காகவாவது வாடா."

ஒரு வருசமாகக் காத்திருந்த ஏதோ ஒன்று கடைசியில் தவறான நேரத்தில் வந்தது போல அவளது முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்தாள். முக்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் தள்ளாடினாள்.

"மெதுவா. கோயிலச் சுத்தற மாதிரி. ஒண்ணும் அவசரமில்ல."

நடந்தாள். கத்தரிப்பூ நிறம் அவளது முழங்காலில் பட்டு இரண்டாகப் பிரிந்து, பின்னால் சேர்ந்துகொண்டது.

அவள் தாண்டி வந்த அலமாரியில், இடுப்பு உயரத்தில், ஒரு தடம் எழுந்தது. அடுத்த அலமாரியில் இன்னொன்று. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவன் கை வைக்கும் தூரம். வலது கை. எல்லாம் வலது கை. அவள் ஒரு எட்டு வைத்தால் அது ஒன்று.

"என்னப்பா அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"பின்னால என்ன?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. எம் மூஞ்சியப் பாரு."

"உங்க மூஞ்சி நல்லாவா இருக்கு பாக்கறதுக்கு?"

"என்னிக்கு நல்லா இருந்துச்சு? பாத்துக்கிட்டே வா."

அவள் லேசாகச் சிரித்தாள். இருபது தப்படி. ஓடு என்ற சொல் அவர் தொண்டையில் வந்து நின்றது. பல்லைக் கடித்தார். பத்துத் தப்படி. தடங்கள் இப்போது நெருக்கமாக விழுந்தன. எட்டு வைக்கும் முன்பே விழுந்தன. ஏழு. அவள் தோளுக்குப் பக்கத்தில் ஒன்று. ஐந்து. அவளை முந்திக்கொண்டு ஒன்று. மூன்று.

மூன்றாவது தப்படியில் நின்றாள்.

"மூச்சு வாங்குதுப்பா."

அந்த இடம்தான். அதே இடம்.

"நில்லு. வாங்கிக்க. யாரும் தொரத்தல," என்றார். கண் கலங்கி அலமாரிகள் கரைந்தன. கையை நீட்டினார். அறைக்குள் கால் வைக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். ஒரு எட்டு வைத்து அவளும் நீட்டினாள், விரல்கள் வந்து சேர்ந்தன. ஈரமாக, சில்லென்று. இழுக்கவில்லை. அவளாகவே வந்தாள். செருப்பை உருவினார். கதவு தன் கனத்தில் மூடிக்கொண்டது. உள்ளே, கதவின் அந்தப் பக்கம், தரையோடு தரையாக, ஏதோ ஒன்று ஒரே ஒருமுறை மெத்தென்று பட்டது.

குழாய் சொட்டும் சத்தம். வேறு ஒன்றுமில்லை.

மேலாளர் மேல்படியில் நின்றிருந்தார். "நல்லாத்தானே இருக்காங்க? நீங்க தொறந்து போட்டுட்டு வந்த அறையில இப்பதான் எட்டிப் பாத்தேன், முள் பச்சையிலதான் நிக்குது."

"நிக்கட்டும்," என்றார் தராசுக்காரர். "அது நிக்கும். செவ்வாக்கிழமை வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க. விட்டீங்கன்னா அந்த முள்ளையே சாட்சிக்குக் கூப்பிடுங்க."

மகள் முன்னால் நடந்தாள். வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டியதும் நின்று நன்றாக மூச்சு இழுத்தாள். நிறம் திரும்பத் தொடங்கியிருந்தது. "இப்பப் பரவாயில்லப்பா," என்றாள். "என்னதான் நடந்துச்சு உள்ள? சொல்லுங்க."

"வீட்டுல போய்ச் சொல்றேன். மொதல்ல ஆஸ்பத்திரி. நட. மெதுவா நட."

அவளுக்கு இரண்டு எட்டுப் பின்னால் அவர் நடந்தார். அப்போதுதான் பார்த்தார். அவளது வெள்ளைக் கோட்டின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு பழுப்புத் திட்டு. வெயில் பட்டு வெளுக்க வேண்டியது, அவர் கண்ணெதிரே நீலமாகி, கறுத்து, ஓரம் பிடித்தது. உள்ளங்கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல். ஒரு இடைவெளி. இரண்டு விரல்.

கஞ்சி. கஞ்சியில் அயோடின் பட்டால் நீலமாகும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏதாவது அலமாரியில் சாய்ந்திருப்பாள். அவ்வளவுதான். இஞ்சினியரின் பேச்சை அவர் என்றைக்கும் நம்பினதில்லை, செத்தவன் கைத்தடத்தை நம்பவா போகிறார்? தள்ளிவிட்ட கையா, பிடித்துக்கொண்ட கையா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதையும் அடக்கினார்.

தெருமுனையில் இரண்டாவது தடம் எழுந்தது. முதுகின் நடுவில்.

"அப்பா, என்ன சத்தத்தையே காணோம்?"

"வரேன், வரேன். முன்னால பாத்து நட."

மரத்தடியைத் தாண்டும்போது மூன்றாவது. தோளில். அதன் ஆள்காட்டி விரல் கழுத்துப்பட்டியின் மேல் மடிந்து, துணி முடிந்து தோல் ஆரம்பிக்கும் இடத்தில் நின்றது.

கஞ்சிதான் என்று தராசுக்காரர் மறுபடியும் சொல்லிக்கொண்டார். ஒரு வார்த்தையையும் அவர் நம்பவில்லை. நடையை மட்டும் கூட்டவில்லை.